பெயர் வெளியிட விரும்பிய நோயாளி

கடை உரிம அலுவலகத்தின் கண்காணிப்பாளருக்குக் கட்டி வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், கட்டி வராத உடம்பு உலகத்தில் ஏது? கழுத்தில் வரலாம், முதுகில் வரலாம், காதுக்குப் பின்னால் வரலாம். பத்துப் பேர் எட்டிப் பார்த்து, பத்து வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். இவருக்கு வந்த இடம் அப்படி எட்டிப் பார்க்கிற இடமில்லை. முன்பக்கத்திலும் சேராமல் பின்பக்கத்திலும் சேராமல், இரண்டு தொடைக்கும் நடுவே, உட்கார்ந்தால் நாற்காலியில் அழுந்துகிற இடம். அந்த இடத்துக்குப் பேர் வைக்க வேண்டும் என்று வீட்டில் புழங்குகிற மனுஷர் யாருக்கும் தோன்றியதில்லை. கட்டிய மனைவியிடமே அவர் 'இங்கே' என்று கையைக் காட்டத்தான் முடிந்தது.

ஆபீஸில் அவருக்குத் 'திருப்பி சார்' என்று பட்டப்பேர். நேருக்கு நேர் யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவு தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது. கவுண்டரில் வருகிற விண்ணப்பத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை படிப்பார், கீழிருந்து மேலே ஒரு தடவை படிப்பார். தகப்பனார் பேருக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போச்சா, திருப்பி அனுப்பு. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டானா, திருப்பி அனுப்பு. எல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டால் மனுஷர் முகம் வாடிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் அவருக்குக் கை கொடுப்பது படிவத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'பொருந்தாததை அடித்துவிடவும்' என்கிற வரிதான். அதை யாரும் படிப்பதில்லை. "இங்க பாருங்க, அடிக்கலியே" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு தித்திப்பு ஏறும். முப்பத்தொரு வருஷமாக ஊர்க் கடைக்காரர்களை இப்படித்தான் தலையால் தண்ணி குடிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் இடதுபக்கம் சாய்ந்தார், ஒரு நாள் வலதுபக்கம் சாய்ந்தார். பதவி உயர்வு வரப்போகிறது, அந்த மிதப்பில்தான் மனுஷர் சாய்கிறார் என்று கோப்பு அறையில் பேசிக்கொண்டார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் நல்ல மனசோடு, "நாற்காலி சரியில்லையா சார், மாத்தச் சொல்லவா?" என்று கேட்டார். "உங்க வேலையப் பாருங்க" என்று விழுந்தார் இவர்.

உள்ளுக்குள் அவருக்கு இருந்தது வேறு பயம். கட்டி என்றாலே அவருக்குத் தெரிந்த வியாதி புற்றுநோய் ஒன்றுதான். கடுகளவில் ஆரம்பித்தது மூன்று மாதத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. டாக்டரிடம் போனால் காட்ட வேண்டும். காட்டுவதைவிடச் செத்துப்போவது மேல் என்று முடிவுகட்டி, மாடியறையில் உயிலுக்கு ஒரு வரைவுகூட எழுதிவிட்டார். எழுதிய வரைவில் தானே ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் கிழித்துப்போட்டார்.

மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். "செத்துப்போனா குளிப்பாட்டறவன் பாக்கத்தானே போறான்? அதுக்கு முன்னாடி டாக்டர் பாத்துட்டுப் போகட்டும், கிளம்புங்க" என்றாள். அவள் பேச்சு எப்போதும் இப்படித்தான், நாலு வார்த்தையில் முடிந்துவிடும்.

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி. பச்சைத் திரைக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான கட்டில், காலடியில் மஞ்சள் விளக்கு. பெரிய டாக்டரோடு ஒரு பெண் டாக்டரும் வந்தார், கையில் நோட்டு. நம் ஆள் கால்சட்டையின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவங்க வெளியில இருக்கட்டுமே" என்றார். பெண் டாக்டர் நோட்டை மூடிக்கொண்டு வெளியே போனார். பெரிய டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கைத் திருப்பி, குனிந்து பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷத்தில் இவர் கூரையில் இருந்த மின்விசிறிக்கு எத்தனை திருகாணி என்று எண்ணி முடித்தார்.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் டாக்டர். "சாதாரணத் தோல் கட்டி. உள்ள ஒரு பை மாதிரி இருக்கும். தோல்ல கழியறதெல்லாம் வெளிய வர வழியில்லாம அதுக்குள்ளயே சேந்து மாவு மாதிரி ஆயிடும். எடுத்துட்டா போச்சு. எதுக்கும் பரிசோதனைக்கு அனுப்பிப் பாத்துடலாம், ஆனா நீங்க நெனச்சு பயந்தது இல்ல இது."

செத்துப் பிழைத்தவர் மாதிரி மூச்சு விட்டார் இவர். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "ஆனா இந்த இடத்துல, இந்த அளவுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். இருபது வருஷத்துல ரெண்டே ரெண்டு பாத்திருக்கேன்."

வந்த கண்ணீர் வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க டாக்டர்?"

"அபூர்வம்னு சொன்னேன். ஆம்பளைங்களுக்கு வழக்கமா வராத இடங்கள்ல வர்ற கட்டிகளைப் பத்தி வெளிநாட்டு மருத்துவ இதழுக்கு ஒரு கட்டுரை தயாராகிட்டிருக்கு. நீங்க சம்மதிச்சா உங்களோடதையும் போட்டோ எடுத்து எழுதலாம்."

"யார் எழுதறாங்க?"

"இப்ப வெளியில அனுப்பினீங்களே, அவங்கதான்."

முழங்காலுக்குக் கீழே கால்சட்டை கிடக்க, கட்டிலில் மல்லாந்திருந்த மனுஷர், "கூப்பிடுங்க அவங்கள, எதுக்கு வெளியில நிக்கணும்?" என்றார்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். இவர் மனைவிக்கு ஒரு தம்பி. தண்ணீர் மோட்டார் விற்கிறவன். மோட்டாரைவிட அவன் அதிகம் விற்றது தன் மூஞ்சியைத்தான். ஊரில் எங்கே நாடா வெட்டினாலும் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் நிற்பான். ரத்ததான முகாமில் ரத்தம் கொடுக்கிறவனுக்குப் பின்னால் நின்று சிரிப்பான். மாதம் ஒரு தடவையாவது பேப்பரில் பேர் வந்துவிடும். வந்த அன்று காலையில் இவர் மனைவி சமையலறை வாசலில் நின்று அதைச் சத்தமாகப் படிப்பாள், தம்பி பேர் வரும்போது குரல் கொஞ்சம் நிமிரும். இவர் பேரோ முப்பத்தொரு வருஷத்தில் அச்சில் வந்ததே இல்லை. அலுவலகச் சுற்றறிக்கையில்கூட 'கண்காணிப்பாளர்' என்று பதவியோடு முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, அவள் அந்த வாசலில் நின்று தன் பேரைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். ஊர் பார்க்க வேண்டும், மச்சினன் வாயடைத்து நிற்க வேண்டும். பல வருஷமாக இவருக்கு இருந்த ஆசை இதுதான், அதற்கு ஒரு கட்டி வழி செய்யும் என்று கண்டாரா?

போட்டோ எடுக்கிற நாளன்று இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கோட்டு, சிவப்பு டை எல்லாம் அணிந்துகொண்டு போனார். முடிக்குப் புதிதாக மை பூசியிருந்தார். பெண் டாக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கீழ உள்ளதை மட்டும் கழட்டினா போதும் சார்" என்றார். கழற்றினார். மேலே கோட்டும் டையும் அப்படியே இருக்க, இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தார். கட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோலை வைத்து, மூன்று கோணத்தில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவை வெளிச்சம் அடிக்கும்போதும் இவர் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"முகம் எடுக்கலியே?" என்று கேட்டார் கடைசியில்.

"முகம் வேண்டாம் சார்."

"பரவாயில்ல, எடுத்துக்கங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

பெண் டாக்டருக்கு இருமல் வந்துவிட்டது. ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து, நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்க ஓடினார்.

படிவத்தை ஒருவர் நிதானமாகப் படிக்கலாம், இவர் படிக்கக் கூடாது. 'எனது பெயர், முகம், என்னை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் வெளியிடப்படாது என்பதை அறிந்து சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி. யார் வீட்டு நியாயம் இது? கட்டி என்னுடையது, இடம் என்னுடையது, வலித்தது எனக்கு, பேர் மட்டும் யாருடையதும் இல்லையா? பொருந்தாததை அடிப்பது அவருக்குக் கைவந்த கலை. பையிலிருந்து அளவுகோலை எடுத்து, அந்த வரியைச் சிவப்பு மையில் நேராக அடித்தார். மேலே குண்டு எழுத்தில் 'முழுப்பெயர், பதவி, புகைப்படத்துடன் வெளியிடலாம்' என்று எழுதினார். பக்கத்தில் பாஸ்போர்ட் படம் ஒட்டினார். படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக விழும்படி உரிமப் பிரிவின் அலுவலக முத்திரையைக் குத்தினார். முத்திரையை அவர் எப்போதும் பையில் வைத்திருப்பார், மற்றவர்கள் மூக்குக் கண்ணாடி வைத்திருப்பதைப் போல. மேஜையில் வைத்துவிட்டு வந்த படிவத்தை, ஒரு நாளைக்கு அறுபது நோயாளி பார்க்கிற அந்தப் பெண் டாக்டர் பிரித்துப் பார்க்காமலே கோப்பில் செருகிவிட்டார்.

கட்டியை எடுத்தார்கள். பரிசோதனையிலும் கெடுதல் ஒன்றுமில்லை என்று வந்தது. தையல் போட வசதிப்படாத இடம் என்பதால் புண் தானாக ஆறும்வரை தினம் கட்டு மாற்ற வேண்டும். மூன்று வாரம் மனைவி மாற்றினாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தரையில் மண்டியிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. அந்த நேரத்திலெல்லாம் இவர் கட்டுரைக்கு என்ன தலைப்பு வைப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். டார்ச் வாயில் இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பிய அன்றே விஷயத்தை அவிழ்த்துவிட்டார். வெளிநாட்டு இதழில் தன்னைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வருகிறது, தேதிதான் தெரியவில்லை.

"என்ன ஆராய்ச்சி சார்?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"தோல் சம்பந்தமானது."

"நீங்க எழுதினதா, உங்களப் பத்தி எழுதினதா?"

"அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாது."

கோப்பு அறை மூக்கில் விரலை வைத்தது. மேலதிகாரியே கூப்பிட்டுக் கை கொடுத்தார். செய்தி மச்சினன் காதுக்கும் போனது. அக்காளிடம் கேட்டான். அவள், "உடம்புல ஒரு கட்டி, எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனே இவரிடம் பேசினான்.

"மாமா, நீங்க நம்ம வீட்டு மனுஷன், இத சும்மா விடக் கூடாது. கட்டுரை வந்ததும் நம்ம வீட்ல ஒரு விருந்து. நம்ம நிருபர வரச் சொல்றேன். உங்க படம், உங்க பேரு, பெருசா போட்டுடலாம்."

மச்சினன் வாயிலிருந்து 'உங்க படம், உங்க பேரு' என்று கேட்டபோது அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்று கவுண்டரில் இரண்டு விண்ணப்பத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டுப் போனவர்கள் நம்ப முடியாமல் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு, அந்தப் பெண் டாக்டர் கவுண்டர் வரிசையில் வந்து நின்றார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். காலையிலிருந்து இவருக்கு ஃபோன் அடித்திருக்கிறார். கவுண்டர் நேரத்தில் ஃபோன் எடுப்பதில்லை என்பது இவருடைய கொள்கை. முறை வந்ததும், கண்ணாடித் துவாரத்தில் வாயை வைத்து மெதுவாகப் பேசினார்.

"சார், கட்டுரைய எடுத்துக்கிட்டாங்க. ஆனா உங்க ஒப்புதல் படிவம் செல்லாதுன்னு திருப்பிட்டாங்க. நீங்க வாசகத்தையே மாத்தி எழுதியிருக்கீங்க. நானும் பாக்காம விட்டது தப்புதான். புதுப் படிவம் கொண்டாந்திருக்கேன், எதையும் அடிக்காம ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இல்லைன்னா உங்களோடத எடுத்துட்டு, இன்னொரு நோயாளியோடதப் போட்டுடுவாங்க."

திருப்பிட்டாங்க. அந்த ஒரு வார்த்தை அவரைச் சுட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் படிவத்தை எவனும் திருப்பியதில்லை. பின்னால் டைப்பிஸ்ட் அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தார், கோப்பு அறைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இவர் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். அதே வரி, பேர் வெளியிடப்படாது. கீழிருந்து மேலே படித்தார். வலது மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை இல்லை.

மனசு அங்கே போய்ச் சேருவதற்குள் கை போய்விட்டது. பேனாவை எடுத்து, மூலையில் 'முத்திரை இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டு, துவாரம் வழியாக வெளியே தள்ளினார்.

"சார், இது உங்களோடது" என்றார் பெண் டாக்டர்.

"யாரோடதா இருந்தா என்ன? முத்திரையோட திங்கக்கிழமை வாங்க."

"அஞ்சு மணிக்குள்ள..."

"திருப்பினத திருப்பி வாங்கற வழக்கம் இந்த ஆபீஸ்ல கிடையாதும்மா."

பெண் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டு, படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆபீஸே வாய் பிளந்து நின்றது, வந்தவள் டாக்டர், அவளையும் திருப்பிவிட்டார் என்று. அந்த மிதப்பு இவருக்கு ஐந்தே கால்வரை இருந்தது. அதற்குப் பிறகு என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஓடிப்போய் ஃபோன் அடித்தார். எடுக்கவில்லை. அவர்களுக்கும் ஒரு கொள்கை இருக்குமே.

இதழ் வந்தது. ஆஸ்பத்திரி நூலகத்தில் அந்தப் பெண் டாக்டரே காட்டினார். கோபமில்லாமல், கொஞ்சம் இரக்கத்தோடுகூட, "இது வேற ஒருத்தரோடது சார், உங்களோடது வரல" என்றார். அந்த ஒருத்தருக்குக் கட்டி வந்தது தொப்புளில். மூட்டை தூக்குகிற ஆள், இருபத்தொன்பது வயசு. படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம், கட்டுரை வந்ததா என்றுகூட இதுவரை கேட்கவில்லையாம். பக்கம் முழுக்கப் படம். பேர் இல்லை, முகம் இல்லை. ஒரு வயிறு, நடுவில் தொப்புள், தொப்புளில் கட்டி, பக்கத்தில் அளவுகோல்.

இவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விருந்து, மச்சினன் ஊரையே அழைத்துவிட்டான். பேர் இல்லை என்பதை நினைத்து நெஞ்சு எரிந்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது. பேர் இல்லை என்றால் யார் பேரையும் சொல்லிக்கொள்ளலாமே? அதுவும் தொப்புள்! எவ்வளவு கௌரவமான இடம், சபையில் வாய்விட்டுச் சொல்லலாம். ஒரு எழுத்தை மாற்றி எழுதியதற்காக எத்தனையோ பேரை வருஷக்கணக்கில் அலைய விட்ட மகானுபாவர், அன்று அந்தப் பக்கத்தைக் கலரில் மூன்று நகல் எடுத்தார். வயசு அச்சாகியிருந்த இடத்தின் மேல் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையை, எண் தெரியாதபடி அழுத்திக் குத்தினார்.

மனைவியிடம் காட்டவில்லை. "வந்துருச்சு, அங்க போய்ப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மச்சினன் வீட்டுக் கூடத்தில் முப்பது நாற்காலி போட்டிருந்தது. நடு மேஜையில் பூங்கொத்து, பின்சுவரில் மச்சினன் கடையின் மோட்டார் விளம்பரம். நிருபர் கேமராவோடு வந்திருந்தார். இவர் கோட்டும் சிவப்பு டையுமாக எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, நகலைத் தூக்கிக் காட்டினார்.

"ஆம்பளைங்களுக்குத் தொப்புள்ல கட்டி வர்றது லட்சத்துல ஒருத்தருக்குத்தான். அந்த ஒருத்தன் நான்."

கை தட்டினார்கள். நகல் கை மாறிக் கை மாறிப் போனது. வாங்கிப் பார்த்தவர்கள் முதலில் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் இவர் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார்கள். படத்தில் இருந்தது வேலை செய்து செய்து பலகையாக இறுகிய வயிறு. கோட்டுப் பொத்தான் ஒரு பெரிய பூசணிக்காயை அடக்கி வைக்கத் திணறிக்கொண்டிருந்தது. மரியாதைக்காக யாரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த மனைவி கைக்கும் ஒரு நகல் வந்தது. அவள் பார்த்தாள், மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

நிருபர்தான் வினையைக் கிளப்பினார். "சார், இந்தப் படத்துல முகம் இல்ல. நீங்கதான்னு வாசகர்களுக்கு எப்படித் தெரியும்? சட்டையக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினீங்கன்னா, முகமும் தழும்பும் சேத்து ஒண்ணு எடுத்துக்கறேன்."

"அதுதான் சரி!" என்று மச்சினன் துள்ளி எழுந்தான். "தூக்குங்க மாமா, நம்ம ஆளுங்கதானே!"

இவருக்கு முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. தழும்பு இருக்கிறது, இல்லாமல் என்ன? நிஜமான அபூர்வமும் இருக்கிறது, டாக்டரே வாயால் சொன்ன அபூர்வம். இந்த ஊரில் அதைக் காட்ட ஒரு சபை இல்லை. கை தானாகப் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது. கேமரா உயர்ந்தது. இவர் மனைவியைப் பார்த்தார்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "அது இவர் வயிறு இல்ல. இவருக்குக் கட்டி வந்தது தொப்புள்லயும் இல்ல."

"அப்ப எங்கக்கா?"

"சாப்பாடு போட்டாச்சு. எங்கன்னு சொன்னா யாரும் சாப்பிட மாட்டீங்க. எழுந்திரிங்க எல்லாரும்."

யாரோ ஒருத்தர் பின்வரிசையில் புரை ஏறுகிற மாதிரி சிரித்தார். அது தொற்றிக்கொண்டு கூடம் முழுக்கப் பரவியது. மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவனுக்கும் தெரியவில்லை. வந்ததற்கு ஒரு படமாவது வேண்டும் என்று நிருபர் எல்லாரையும் மேஜைக்குப் பின்னால் நிற்கவைத்து ஒன்று எடுத்துக்கொண்டார். இவர் அழாத குறையாக ஓரத்தில் நின்றார். சாப்பிட்டாரா என்றால், சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மறுநாள் காலையில் பேப்பரில் அந்தப் படம் வந்தது. நாலாம் பக்கம், மோட்டார் விளம்பரம் பளிச்சென்று தெரிய, நடுவில் மச்சினன். 'ஆரோக்கிய விழிப்புணர்வு விருந்து அளித்த தொழிலதிபர்' என்று போட்டு அவன் பேரைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் 'ஓரத்தில் நிற்பவர் உறவினர் ஒருவர்' என்று இருந்தது.

அவர் பேப்பரை மேஜையில் அடித்தார். "உறவினர் ஒருவராம்! உறவினர் ஒருவர்! ஒரு பேர் போடக் கூடாதா? நான் மனுஷன் இல்லியா? பேர் இல்லாத ஜென்மமா நான்?" குரல் உடைந்து, நிஜமாகவே அழுதுவிட்டார்.

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை நாள் பல்லில் கடித்துக்கொண்டிருந்தது ஒன்று இருந்தது, அதையும் அவள் சொல்லிவிட்டாள்.

"மூணு வாரம் முட்டி தேயக் கட்டு மாத்தினேன். அந்த மேலதிகாரி ஃபோன் பண்ணி, யார் பாத்துக்கறாங்கன்னு கேட்டார். 'வீட்ல பாத்துக்கறாங்க'ன்னீங்க. டைப்பிஸ்ட் அம்மா கேட்டாங்க, அவங்களுக்கும் 'வீட்ல'தான். ஆஸ்பத்திரில யாரு கூட வந்திருக்காங்கன்னு கேட்டப்பவும் 'வீட்ல இருந்து வந்திருக்காங்க'. முப்பது வருஷமா நான் சுவரா, கூரையா? உங்க பேரு ஒரு நாள் பேப்பர்ல வரலன்னு அழறீங்க. எம்பேரு உங்க வாயில ஒரு நாள் வந்திருக்கா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுருக்கென்று தைத்தது அவருக்கு, இவ்வளவு தூரம் தைக்கும் என்று அவளே எதிர்பார்த்திருக்க மாட்டாள். இப்போதே, இந்த நிமிஷமே கூப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். பேர் தெரியாமல் இல்லை, குடும்ப அட்டையில் புள்ளி பிசகாமல் அவரே எழுதியதுதான். வாயைத் திறந்தார். உதடு முதல் எழுத்துக்குக் குவிந்தது. கூச்சம் வந்து மறித்தது, மஞ்சள் விளக்குக்கு முன்னால் கால்சட்டையைக் கழற்றியபோதுகூட வராத கூச்சம்.

"இந்தாம்மா..." என்றார்.

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.